மெக்வீன் பெயரின் விலை

1968-இல் ஜெனீவா கண்காட்சியில் மெர்சிடிஸ்-பென்ஸ் நிறுவனம் '300 எஸ்.இ.எல். 6.3' என்ற காரை அறிமுகப்படுத்தியது. பார்வைக்கு அது வசதியான குடும்பம் ஒன்று பயணம் செய்யும் அடக்கமான நான்கு கதவுக் கார். ஆனால், நாட்டுத் தலைவர்களும் பெருஞ்செல்வர்களும் வாங்கிய '600' என்ற பெரிய காரின் எட்டு சிலிண்டர் என்ஜினை எரிக் வாக்சன்பெர்கர் என்ற பொறியாளர் அதற்குள் பொருத்தியிருந்தார். திறன் 250 குதிரைசக்தி. வேகம் மணிக்கு 220 கி.மீ. 1972 வரை தயாரானவை 6,526 கார்களே. அவற்றுள் ஒன்று ஹாலிவுட் நடிகர் ஸ்டீவ் மெக்வீனுடையது.

ஒரே தொழிற்சாலையில் உருவான இரு கார்களில் ஒன்றின் பதிவுச் சான்றில் மெக்வீன் பெயர் இருந்துவிட்டால், அதன் விலையே வேறு. 'புல்லிட்' படத்தில் அவர் ஓட்டிய மஸ்டாங் கார் 2020 ஜனவரியில் 37 லட்சம் டாலருக்கு மேல் ஏலம் போனது. கிடைப்பதற்கு அரிய பொருளுக்கு விலை ஏறும் என்று வகுப்பில் ஆண்டுக்கணக்கில் சொல்லி வந்த எனக்கு இதில் வியப்பில்லை. அந்தப் பெயர் உருவாக யார் செலவழித்தார்கள் என்பதுதான் என் கேள்வி.

1930 மார்ச் 24 அன்று இண்டியானா மாநிலத்தின் பீச் குரோவில் பிறந்தார் மெக்வீன். கைக்குழந்தையாக இருந்தபோதே தந்தை கைவிட்டுச் சென்றார். தாயாலும் நிலையாக வளர்க்க இயலவில்லை. மிசௌரியில் தாத்தா முறை உறவினர் ஒருவரின் பண்ணையில் சில காலம். பிறகு மாற்றாந்தந்தையின் அடி உதை. தெருச் சண்டை, சில்லறைத் திருட்டு. காதும் சற்று மந்தம், எழுத்தும் எளிதில் பிடிபடவில்லை. பதின்பருவத்தில் கலிபோர்னியாவின் சீனோவில் உள்ள 'பாய்ஸ் ரிபப்ளிக்' என்ற சீர்திருத்தப் பள்ளிக்கு அனுப்பப்பட்டார். முதலில் அங்கிருந்தும் தப்பியோடினார். நன்கொடையில் இயங்கிய அப்பள்ளியில் மாணவர்களே தங்களுக்கான விதிகளை வகுத்து நடத்தினர். தப்பியோடிய அதே சிறுவன் பின்னர் மாணவர் மன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டான்.

1947-இல் கடற்படைக் காலாட்படையில் சேர்ந்து, 1950-இல் விடுபட்டார். முன்னாள் படைவீரர்களின் கல்விக்கு அமெரிக்க அரசு அளித்த உதவித்தொகையில்தான் நியூயார்க்கில் நடிப்புப் பயின்றார். அந்தத் தொகை இல்லாதிருந்தால் அவர் என்ன ஆகியிருப்பார் என்று எந்த ஏலப் பட்டியலும் கணக்கிடுவதில்லை.

அதன் பின்னர் நடந்தது பலரும் அறிந்தது: 'தி மேக்னிஃபிசென்ட் செவன்', 'தி கிரேட் எஸ்கேப்', 'புல்லிட்'. 1970-இல் செப்ரிங் 12 மணி நேரப் பந்தயத்தில், முறிந்த காலில் கட்டுடன் காரோட்டி, பீட்டர் ரெவ்சனுடன் இரண்டாமிடம் பெற்றார். இல்லற வாழ்வில் அவரை முன்மாதிரி என்று சொல்ல மாட்டேன். கஞ்சன் என்ற பெயரும் அவருக்கு இருந்தது. பட ஒப்பந்தங்களின்போது சவரக் கருவிகளும் ஜீன்ஸ் கால்சட்டைகளும் மொத்தமாக வேண்டும் என்று கேட்பாராம். தயாரிப்பாளர்கள் முகம் சுளித்தனர். அவையெல்லாம் சீனோ பள்ளிச் சிறுவர்களுக்குப் போய்ச் சேர்ந்தது பின்னரே தெரியவந்தது. அவரும் அங்கு நேரில் சென்று அச்சிறுவர்களுடன் அமர்ந்து பேசுவார்.

1979 இறுதியில் அவருக்கு மீசோதீலியோமா என்ற புற்றுநோய் இருப்பது கண்டறியப்பட்டது. கல்நார், அதாவது ஆஸ்பெஸ்டாஸ் துகள்களைச் சுவாசிப்பதால் வருவது அது. உடலுக்குள் பல பத்தாண்டுகள் வெளித்தெரியாமல் கிடக்கக்கூடியது. படையில் இருந்தபோது கப்பல் குழாய்களில் சுற்றியிருந்த கல்நாரை உரித்தெடுத்த வேலையே காரணம் என்று மெக்வீன் நம்பினார். அக்காலப் பந்தய ஓட்டுநர்களின் தீக்காப்பு உடைகளிலும் கல்நார் இருந்தது. இந்தத் தூசு நுரையீரலைக் கெடுக்கும் என்பது 1930-களிலேயே மருத்துவ உலகுக்குத் தெரியும். கல்நார் நிறுவனங்கள் சிலவற்றுக்கும் தெரியும் என்பது பிற்கால வழக்குகளில் வெளிப்பட்டது. லாபம் ஒருவருக்கு, நோய் வேறொருவருக்கு என்றாகும்போது அந்தச் செலவு பொருளின் விலையில் சேர்வதே இல்லை. பொருளியலில் இதைப் புறவிளைவு என்போம். சொல் மிகவும் சாதுவானது.

அமெரிக்க மருத்துவர்கள் கைவிட்ட பிறகு மெக்சிகோவில் மாற்று சிகிச்சை தேடிச் சென்றார். 1980 நவம்பர் 7 அன்று ஹுவாரெஸ் நகரில், அறுவை சிகிச்சைக்குப் பின் இறந்தார், வயது 50. இரண்டே ஆண்டுகளில், இழப்பீட்டு வழக்குகள் பெருகியதால், கல்நார்த் தொழிலின் பெருநிறுவனமான ஜான்ஸ்-மேன்வில் திவால் பாதுகாப்புக் கோரியது. வெள்ளைக் கல்நாருக்கு அமெரிக்கா தடை விதித்ததோ 2024 மார்ச்சில்தான். இந்தியாவில் அதன் இறக்குமதி இன்றும் நடக்கிறது.