ஓட்டு யாசிக்காத அபேட்சகர்

ஜனநாயகத்தைப் பற்றி நூல் எழுதினோர் பலர். தேர்தலில் தாமே நின்று, எழுதியபடி நடந்து காட்டினோர் மிகச் சிலர். அச்சிலருள் முதல் வரிசையில் வைத்து எண்ணத்தக்கவர் ஆங்கில நாட்டு அறிஞர் ஜான் ஸ்டூவர்ட் மில். அவரைப் போற்றுவதற்கு நமக்குக் காரணங்கள் உண்டு. அவரோடு வழக்காடுவதற்கும் காரணங்கள் உண்டு. இரண்டையும் சொல்லுவதே நியாயமாகும்.

மில் 1806ஆம் ஆண்டு மே மாதம் 20ந் தேதி லண்டன் நகரில் பிறந்தார். அவருடைய தந்தை ஜேம்ஸ் மில், இந்திய மண்ணை ஒரு நாளும் மிதியாமலே பிரிட்டிஷ் இந்தியாவின் சரித்திரத்தை எழுதியவர். அவர் மகனைப் பள்ளிக்கு அனுப்பாது தாமே கற்பித்தார். மூன்று வயதில் கிரேக்கமும், எட்டு வயதில் லத்தீனும் அச்சிறுவனுக்குப் பாடமாயின. 1823இல், பதினேழாம் வயதில், மில் கிழக்கிந்தியக் கம்பெனியின் லண்டன் காரியாலயத்தில் உத்தியோகத்தில் அமர்ந்தார். சுதேச சமஸ்தானங்களைப் பற்றிய கடிதங்களை வரைவது நெடுங்காலம் அவர் பொறுப்பாயிருந்தது. 1858இல் கம்பெனி ஆட்சி முடிவுற்றபோதுதான் அவருடைய முப்பத்தைந்து வருஷ உத்தியோகமும் முடிவுற்றது.

அதன் பின்னர் அவர் வெளியிட்ட நூல்களே அவருக்கு அழியாப் புகழைத் தந்தன. சுதந்திரத்தைப் பற்றிய நூல் 1859இலும், பிரதிநிதித்துவ ஆட்சியைப் பற்றிய நூல் 1861இலும் வெளிவந்தன. குடிகளுக்கு நன்மை செய்வது மட்டும் நல்லாட்சியின் இலக்கணமன்று. குடிகளின் அறிவையும் பொறுப்புணர்ச்சியையும் வளர்ப்பதே அதன் தலையாய இலக்கணம் என்பது அவர் கொள்கை. மன்னர்களின் கொடுமையைப் போலவே பெரும்பான்மையோரின் கொடுமையும் அஞ்சத்தக்கது என்று அவர் எச்சரித்தார். சிறுபான்மையோருக்கும் அவர்கள் தொகைக்கேற்ற ஸ்தானங்கள் கிடைக்குமாறு தாமஸ் ஹேர் என்பார் வகுத்த தேர்தல் முறையை ஆர்வத்தோடு ஆதரித்தார்.

1865இல் வெஸ்ட்மின்ஸ்டர் தொகுதியார் அவரைப் பார்லிமெண்டுக்கு நிற்குமாறு அழைத்தனர். லஞ்சமும் விருந்தும் தேர்தலை ஆண்ட காலம் அது. மில் விதித்த நிபந்தனைகளோ விசித்திரமானவை. ஓட்டுக்காக எவர் வீட்டுக்கும் செல்லமாட்டார். தேர்தலுக்காகக் காசு செலவிடமாட்டார். வென்றால் தொகுதியின் சில்லறைக் காரியங்களைக் கவனிக்கமாட்டார். பெண்களுக்கு ஓட்டுரிமை வேண்டுமென்ற கொள்கையையும் மறைக்கமாட்டார். தொழிலாளர் நிறைந்த ஒரு கூட்டத்தில், தொழிலாளிகள் பெரும்பாலும் பொய்யர் என்று அவர் எழுதியதுண்டா எனக் கேட்டனர். உண்டு என்று ஒரே சொல்லில் ஒப்புக்கொண்டார். கூட்டத்தார் சீறவில்லை, கரகோஷம் செய்தனர். முகஸ்துதியையே கேட்டுச் சலித்தவர்களுக்கு உண்மை பேசும் மனிதர் ஒருவர் கிடைத்தார். மில் வெற்றி பெற்றார்.

பார்லிமெண்டில் அவர் இருந்தது மூன்றே வருஷம். 1867இல் சீர்திருத்த மசோதாவில் ஆண்மகன் என்னும் சொல்லை நீக்கி மனிதர் என்னும் பொதுச் சொல்லை இட வேண்டுமென்று திருத்தம் கொணர்ந்தார். ஆதரவு 73 வாக்குகள், எதிர்ப்பு 196. திருத்தம் தோற்றது, கொள்கை தோற்கவில்லை. 1918இல் ஒரு பகுதி மாதருக்கும், 1928இல் ஆடவருக்குச் சமமாக எல்லா மாதருக்கும் அங்கே வாக்குரிமை வந்தது. 1865இல் ஜமைக்காத் தீவில் நடந்த கலகத்தை அடக்கும்போது கவர்னர் ஐயரின் ஆட்சியில் நானூறுக்கு மேற்பட்ட கறுப்பு மக்கள் கொல்லப்பட்டனர். அந்தக் கவர்னரை நீதிமன்றத்தில் நிறுத்த அமைந்த கமிட்டிக்கு மில் தலைமை வகித்துப் போராடினார். இதனால் பகையும் வசையும் பெற்றார். நாஸ்திகர் எனத் தூற்றப்பட்ட பிராட்லாவின் தேர்தல் நிதிக்குப் பணம் உதவியதும் அவருக்கு எதிராயிற்று. 1868 தேர்தலில் புத்தக வியாபாரி டபிள்யூ. எச். ஸ்மித்திடம் தோற்றார். 1873 மே மாதத்தில், பிரான்சு தேசத்து அவிஞான் நகரில் காலமாகி, மனைவி ஹாரியட்டின் அருகே அடக்கம் செய்யப்பட்டார்.

இனி நமது வழக்கைச் சொல்லுவோம். சுதந்திரத்துக்கு இலக்கணம் வகுத்த இவ்வறிஞர், இந்தியர் பிரதிநிதித்துவ ஆட்சிக்குப் பக்குவப்படவில்லை என்று கருதினார். அந்நியக் கம்பெனியின் ஆட்சிக்கு வக்கீலாகவும் நின்றார். எழுத்தறியாதவருக்கு ஓட்டு கூடாதென்றும், கற்றோருக்கு ஒன்றுக்கு மேற்பட்ட ஓட்டு வேண்டுமென்றும் எழுதினார். பங்கேற்பதனாலேயே மக்கள் பக்குவமடைவர் என்று போதித்தவர், நம் நாட்டுக்கு மட்டும் பக்குவம் முந்தி வரவேண்டும், பங்கு பிந்தி வரட்டும் என்றது எந்த நியாயம்? நீந்தக் கற்ற பின்னரே நீரில் இறங்கலாம் என்பது போன்றதன்றோ இது?

இதற்கு மறுமொழியைப் பண்டிதர்கள் எழுதவில்லை. பாமர மக்களே எழுதினார்கள். 1951ஆம் ஆண்டின் ஜனத்தொகைக் கணக்கின்படி நூற்றுக்குச் சுமார் பதினெட்டுப் பேரே எழுத்தறிந்திருந்த நாட்டில், 1951-52இல் வயது வந்தோர் அனைவருக்கும் ஒரே அளவான வாக்குரிமையுடன் முதற் பொதுத் தேர்தல் நடந்தது. வாக்காளர் தொகை பதினேழு கோடிக்கு மேல். சின்னங்களைப் பார்த்து ஓட்டளித்த அம்மக்கள், 1977இல் அவசர நிலையைப் பிரகடனம் செய்த ஆட்சியை ஓட்டினாலேயே அகற்றினர். மில்லின் முடிவை அவர்கள் பொய்ப்பித்தனர். பங்கேற்பே கல்வி என்ற அவருடைய மூலக் கொள்கையை மெய்ப்பித்தனர்.

ஆயினும் மற்றொரு பாதி வழக்கில் மில்லே வாதி, நாமே பிரதிவாதிகள். வாக்காளர் தேறிவிட்டனர், அபேட்சகர் தேறினரா? பணம் கொடாமலும், முகஸ்துதி பேசாமலும், தம் கொள்கையை ஒளிக்காமலும் ஓட்டுக் கேட்கத் துணிவோர் எத்தனை பேர்? ஜனங்கள் உண்மையைத் தாங்கமாட்டார்கள் என்பது தலைவர்கள் தம் கோழைமைக்கு இட்ட பெயரேயாகும். 1865இல் அத்தொழிலாளர் கூட்டம் எழுப்பிய கரகோஷம் அதற்குச் சான்று. தேச ஊழியத்தில் இறங்குவோர் மில்லின் நூல்களைப் படிப்பது நன்று. அந்த ஒரு தேர்தலை மறவாமல் நினைப்பது அதனினும் நன்று.