பாதரசமும் ஒரு முள்ளும்

மூடிய பாத்திரத்தில் இருக்கும் திரவத்தின் மீது கொடுக்கும் அழுத்தம், எல்லாத் திசையிலும் ஒரே அளவாகப் பரவும். முதலாண்டிலேயே நாம் மனப்பாடம் செய்துவிட்ட விதி இது. ஹைட்ராலிக் ஜாக், கார் பிரேக், பிரஸ் எல்லாம் இதை நம்பித்தான் ஓடுகின்றன. அழுத்தத்துக்கு நாம் எழுதும் அலகும் அதே பெயர்தான்: பாஸ்கல். ஆனால் அந்தப் பெயருக்குச் சொந்தக்காரர் ஓர் அற்புதத்தை முழுமனதோடு நம்பியவர் என்பது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

விஞ்ஞானம் படித்தவன் அற்புதத்தை நம்பலாமா? ராத்திரி பத்து மணிக்கு மேல் ஹாஸ்டல் வராந்தாவில் கிளம்பும் விவாதம் இது. ஒருத்தன் எல்லாம் கட்டுக்கதை என்பான். இன்னொருத்தன் தன் பாட்டிக்கு நடந்ததைச் சொல்லுவான். விடிய விடியப் பேசினாலும் முடிவு வராது. இந்த வழக்கைத் தன் வாழ்க்கையிலேயே நடத்திப் பார்த்த மனிதரைக் கொஞ்சம் சந்திப்போமா?

வரிக்கணக்கும் பல்சக்கரமும்

பிளெய்ஸ் பாஸ்கல் 1623ஆம் ஆண்டு ஜூன் 19ல் பிரான்சு நாட்டின் கிளெர்மோன் நகரில் பிறந்தார். மூன்று வயதில் தாயை இழந்தார். அக்கா கில்பெர்த், தங்கை ஜாக்லின், இவர் என மூன்று பிள்ளைகளையும் தந்தை எத்தியேன் தாமே வளர்த்தார். முதலில் மொழிகளைப் படிக்கட்டும் என்று கணிதப் புத்தகங்களைப் பையன் கண்ணில் காட்டாமல் வைத்தார் தந்தை. பையனோ பன்னிரண்டு வயதில், தானே கோடு கிழித்துப் பார்த்து, முக்கோணத்தின் கோணங்கள் சேர்ந்தால் இரண்டு செங்கோணம் என்று கண்டுபிடித்துவிட்டான்! அப்புறம் தடை ஏது?

பிறகு தந்தைக்கு ரூவான் நகரில் வரி வசூல் நிர்வாகப் பதவி. ராத்திரி பகலாகக் கூட்டல் கழித்தல். அவர் படும் பாட்டைப் பார்த்த மகன், 1642ல், தன் 19ஆம் வயதில், கணக்குப் போடும் இயந்திரம் ஒன்றைச் செய்யத் தொடங்கினார். ஒரு சக்கரம் 9லிருந்து 0க்கு வரும்போது அடுத்த சக்கரம் ஒரு படி நகர வேண்டும். சொல்ல எளிது, செய்ய? எடையுள்ள ஒரு நெம்புகோல் மெல்ல உயர்ந்து, சரியான நேரத்தில் விழுந்து அடுத்த சக்கரத்தைத் தள்ளும்படி அமைத்தார். சுமார் 50 மாதிரிகள் செய்து பார்த்த பிறகே திருப்தி அடைந்தார். நம்ம ஒர்க்ஷாப்பில் ஒரே ஒரு ஜாப் ரிஜெக்ட் ஆனாலே முகம் வாடிவிடும் நமக்கு, இது நல்ல பாடம்!

மலையேறிய பாதரசம்

வெற்றிடத்தை இயற்கை வெறுக்கிறது, ஆகவே வெற்றிடம் என்பதே கிடையாது. அக்காலப் பண்டிதர்கள் பலர் இப்படித்தான் சொல்லி வந்தார்கள். இத்தாலியின் டோரிசெல்லி காட்டிய பாதரசக் குழாய்ச் சோதனை இந்த எண்ணத்தை அசைத்தது. குழாயில் பாதரசத்தைத் தாங்கி நிற்பது வெளிக்காற்றின் எடைதான் என்றால், மலை உச்சியில் காற்றின் சுமை குறைவு, பாதரசமும் இறங்கியாக வேண்டும். இதுதான் பாஸ்கலின் கணக்கு. கணக்கு சரி, சோதிக்க வேண்டாமா?

இவர் இருந்தது பாரிசில், உடம்பும் நோஞ்சான். ஆகவே கிளெர்மோனில் இருந்த அக்கா கணவர் ஃப்ளோரின் பெரியேவுக்குக் கடிதம் எழுதினார். 1648 செப்டம்பர் 19 அன்று பெரியேவும் ஊர்ப் பெரிய மனிதர்கள் சிலரும் புய் தெ தோம் மலையில் ஏறினார்கள். கீழே சுமார் 71 செ.மீ. நின்ற பாதரசம், சுமார் 1,000 மீட்டர் ஏறியதும் 63 செ.மீ. அளவுக்கு இறங்கியது. உச்சியில் இருந்த சிறு கோயிலுக்குள்ளே, வெளியே, காற்றில், மறைவில் என்று இடம் மாற்றி மாற்றி அளந்தார்கள். அதே வித்தியாசம்தான்.

இங்கே ஒரு விஷயத்தை அடிக்கோடிட்டுக் கொள்ளுங்கள். அடிவாரத்து மடத்தின் தோட்டத்தில் இன்னொரு குழாயை வைத்து, அதைப் பார்த்துக்கொள்ள ஒரு துறவியையும் உட்கார வைத்திருந்தார்கள். நாள் முழுவதும் அது அசையவே இல்லை. அந்த இரண்டாவது குழாய் இல்லாவிட்டால், அன்றைக்கு வானிலை மாறியதால் இறங்கியது என்று யாராவது சொல்லியிருக்க மாட்டார்களா?

கோட்டுக்குள் ஒரு தாள்

1654ல் ஃபெர்மாவுடன் கடிதம் எழுதிக்கொண்டே, சூதாட்டப் பணத்தைப் பங்கிடும் கணக்கிலிருந்து நிகழ்தகவுக் கணிதத்துக்கு அஸ்திவாரம் போட்டார் பாஸ்கல். அதே ஆண்டு நவம்பர் 23 இரவு, சுமார் இரண்டு மணி நேரம், அவருக்கு ஆழ்ந்த இறையனுபவம் ஏற்பட்டது. அதை ஒரு தாளில் எழுதிக் கோட்டின் உட்புறம் தைத்துக்கொண்டார். அவர் இறந்த பிறகுதான் அது மற்றவர் கண்ணில் பட்டது.

தங்கை ஜாக்லின் ஏற்கெனவே போர் ரோயல் கன்னிமடத்தில் சேர்ந்திருந்தார். அந்த மடத்தாரின் கொள்கைக்கு அரசும் இயேசு சபையாரும் கடும் எதிர்ப்பு. அவர்களுக்காக 1656 ஜனவரியிலிருந்து பாஸ்கல் புனைபெயரில் கடிதங்கள் வெளியிட்டு வந்தார்.

அந்த நேரத்தில்தான் அது நடந்தது. மலையேறிய அதே பெரியேவின் மகள் மார்கரீத், ஏறத்தாழ பத்து வயதுச் சிறுமி, மடத்தில் தங்கிப் படித்தாள். இடது கண் ஓரத்தில் மூன்று ஆண்டுகளுக்கு மேலாகச் சீழ் வடியும் புண். சூடு போடுவது தவிர வழியில்லை என்று மருத்துவர்கள் நினைத்திருந்தார்கள். 1656 மார்ச் 24 அன்று, இயேசுவின் முள்முடியிலிருந்து வந்ததாக நம்பப்பட்ட ஒரு முள்ளைக் கண்ணருகே தொட்டு வைத்தார்கள். புண் ஆறிவிட்டது! மருத்துவர்கள் பரிசோதித்து, இது இயற்கைக்கு மேற்பட்டது என்று கையெழுத்துப் போட்டார்கள். அதே அக்டோபரில் பாரிசின் திருச்சபை அதிகாரிகளும் அற்புதம் என்று ஏற்றார்கள்.

பாஸ்கலுக்குத் தலைகால் புரியாத மகிழ்ச்சி. தன் முத்திரையையே மாற்றி, முள்முடி சூழ்ந்த கண்ணைப் பொறித்துக்கொண்டார். இது கண்மூடி நம்பிக்கை என்று அவர் ஒப்பவில்லை. சாட்சியத்தை அறிவுதான் எடைபோட வேண்டும். எடைபோட்ட அறிவே தனக்கு மேல் ஒன்று உண்டு என்று ஒப்புக்கொள்ளலாம். இதுதான் அவர் வாதம்.

இரண்டாவது குழாய் எங்கே?

நல்ல வாதம்தான். ஆனாலும் மலைமேல் பாஸ்கலை வைத்து, கன்னிமடத்துப் பாஸ்கலை நாம் கேள்வி கேட்கலாம் இல்லையா? மலையில் இரண்டாவது குழாய் இருந்தது. கண்ணுக்கு அது இல்லை. முள் தொடாமல் இருந்தால் அந்தச் சீழ்க்கட்டி தானே உடைந்து வடிந்து ஆறியிருக்குமா? சொல்ல வழியில்லை. மலையில் யாரும் எப்போதும் மறுபடி ஏறிப் பார்க்கலாம். 1656 மார்ச் 24க்கு யாரும் திரும்பிப் போக முடியாது.

இன்னொன்று. அற்புதத்தை அப்படியே ஒப்புக்கொண்டாலும் அதற்கு அர்த்தம் என்ன? கடவுள் எங்கள் பக்கம் என்றார்கள் மடத்தார். இல்லை, உங்களைத் திருத்தத்தான் இந்த எச்சரிக்கை என்றது எதிர்த்தரப்பு. நிகழ்ச்சி ஒன்று, தீர்ப்பு இரண்டு! மடத்தின் மீதிருந்த நெருக்கடி கொஞ்ச காலம் தளர்ந்தது; 1661ல் மறுபடி இறுகியது. அந்த ஆண்டே ஜாக்லின் காலமானார். மார்கரீத் மட்டும் 1733 வரை வாழ்ந்தார்.

அப்படியானால் பாஸ்கல் பகுத்தறிவை விற்றுவிட்டாரா? இல்லை நண்பர்களே. அற்புதத்தை நம்பிய பிறகும் தன் கணக்கில் விடுபட்ட இடத்தை அற்புதத்தால் அவர் நிரப்பியதில்லை. 1658ல் சைக்ளாய்டு வளைவின் கணக்குகளைத் தீர்த்தது கணிதத்தால்தான். 1662 மார்ச்சில் பாரிசில் குறிப்பிட்ட தடத்தில், குறைந்த கட்டணத்தில் ஓடும் பொதுக் குதிரை வண்டிகளை நண்பர்களோடு சேர்ந்து தொடங்கினார். இன்றைய டவுன் பஸ்ஸுக்கு முன்னோடி! அதே ஆண்டு ஆகஸ்டு 19ல், 39 வயதில் மறைந்தார்.

கோட்டுக்குள் தைத்த தாளை அவர் யாருக்கும் நிரூபணமாக நீட்டவில்லை. அதைச் சோதிக்க நமக்கும் உரிமையில்லை. முள் விஷயம் வேறு. அது ஊருக்குச் சொல்லப்பட்டது, ஒரு கட்சிக்குச் சாட்சியாகவும் நிறுத்தப்பட்டது. அங்கேதான் கேள்வி பிறக்கிறது. மனசுக்குள் இருக்கும் நம்பிக்கையும் அறிவும் ஒரே வீட்டில் குடியிருக்கலாம். பாஸ்கலே அதற்கு உதாரணம். ஆனால் அற்புதம் என்று ஊரைக் கூட்டி, மாத்திரையை நிறுத்து, ஆஸ்பத்திரிக்குப் போகாதே என்று ஒருவர் சொன்னால், அங்கே ஓர் உயிர் இருக்கிறது. அப்போது கூச்சப்படாமல் கேளுங்கள், இரண்டாவது குழாய் எங்கே என்று. அப்படிக் கேட்கக் கற்றுக்கொடுத்தவர்களில் அந்த முள்ளை நம்பிய மனிதரும் ஒருவர்.