வாஷிங்டனும் அவர்தம் பற்களும்

1789ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் 30ஆம் நாள். நியூயார்க் நகரில் ஃபெடரல் மாளிகையின் மேன்மாடத்தில் நின்று, ஜார்ஜ் வாஷிங்டன் அமெரிக்க ஐக்கிய நாடுகளின் முதற் குடியரசுத் தலைவராகப் பதவி ஏற்றார். கீழே தெருவெங்கும் மக்கள் வெள்ளம். வாழ்த்தொலி வானை முட்டியது. உறுதிமொழி கூறிய அவ்வாயில் அவருக்கெனச் சொந்தமாக எஞ்சியிருந்த பல் ஒன்றே ஒன்றுதான். அப்போது அவருக்கு வயது ஐம்பத்தேழு.

வாஷிங்டன் 1732ஆம் ஆண்டு பிப்ரவரி 22ஆம் நாள் வர்ஜீனியாவில் பிறந்தார். ஓங்கி வளர்ந்த உடலும் குதிரையேற்றத்தில் தேர்ந்த திறமும் வாய்ந்தவர். 1755இல் நிகழ்ந்த ஒரு போரில் குண்டுகள் நான்கு அவருடைய மேற்சட்டையைத் துளைத்துச் சென்றன, அவர் கலங்கவில்லை. அத்தகைய வீரரையும் பல்வலி வாட்டி வதைத்தது. மறு ஆண்டு, தம் இருபத்துநான்காம் வயதில், மருத்துவர் ஒருவருக்கு ஐந்து சில்லிங் கொடுத்துப் பல்லொன்றைப் பிடுங்கிக்கொண்டார். அதுமுதல் பற்கள் ஒன்றன்பின் ஒன்றாக அவரை விட்டு நீங்கலாயின.

அவர் பற்களைப் பேணாதவர் என்று எண்ணிவிடலாகாது. இலண்டனிலிருந்து பல் துலக்கும் தூரிகைகளையும் பற்பொடியையும் தருவித்து வழங்கியவர் அவர். ஆயினும், துலக்குவது ஒன்று. தேர்ந்தவர் கண்கொண்டு ஆராய்வது வேறொன்று. நோய் தோன்றுமுன்னரே பல் மருத்துவரிடம் சென்று வாயைத் திறந்து காட்டும் வழக்கம் அக்காலத்து மக்களிடம் வேரூன்றவில்லை. வலி பொறுக்கமாட்டாமல் துடித்த பின்னரே அவரை நாடினர். அவர் கையிலிருந்த தலையாய மருந்தோ குறடு! ஈதரின் மயக்கத்தில் வலியறியாது அறுவை செய்யலாம் என்பதைப் பாஸ்டன் நகரம் கண்டது 1846இல். ஈறுக்குள் மறைந்த வேரைக் காட்டும் எக்ஸ் கதிர் கண்டறியப்பட்டது 1895இல். இக்காலத்துப் பல் மருத்துவர் சிறு ஆடியைக் கொண்டு பல்லின் பின்புறத்தைப் பார்க்கிறார். ஈறு பல்லைப் பற்றி நிற்கிறதா எனச் சோதிக்கிறார். படிந்த காரையைச் சுரண்டி அகற்றுகிறார். இவற்றுள் காரை சுரண்டும் வேலையை வாஷிங்டன் தாமே செய்துகொள்ள முயன்றார். 1781ஆம் ஆண்டு மே மாதம், விடுதலைப் போரின் நடுவே, பிலடெல்பியாவிலிருந்த தம் பல் மருத்துவர் பேக்கருக்குக் கடிதம் எழுதி, பற்சுரண்டிகளும், பற்களைக் கட்டிய கம்பியை முறுக்க ஒரு சிறு குறடும் அனுப்புமாறு வேண்டினார். அக்கடிதம் மருத்துவரைச் சேரவில்லை. ஆங்கிலேயர் வழிமறித்துக் கவர்ந்துகொண்டனர். படைத்தலைவரின் பல்நோயும் பகைவர் அறிந்த செய்தியாயிற்று.

பின்னர் லெ மேயர் என்னும் பிரெஞ்சு மருத்துவர் அவருக்கு மருத்துவம் செய்தார். இங்கே மறைத்தற்கரிய செய்தியொன்று உண்டு. வாஷிங்டனின் மவுண்ட் வெர்னான் பண்ணையில் அடிமைகள் பலர் உழைத்தனர். 1784ஆம் ஆண்டுக் கணக்கேட்டில், அம்மருத்துவரின் பொருட்டு, ஒன்பது பற்களுக்காகக் கறுப்பினத்தாருக்கு 122 சில்லிங் கொடுத்ததாக ஒரு வரி காணப்படுகிறது. செய்தித்தாள்களில் பற்களுக்கு அறிவிக்கப்பட்ட விலையில் அது மூன்றில் ஒரு பங்கினும் குறைவு. உரிமைக்காகப் போர் தொடுத்தவரின் ஏட்டில் இவ்வரி இருப்பது நெஞ்சை உறுத்துகிறது.

குடியரசுத் தலைவரான ஆண்டில் ஜான் கிரீன்வுட் என்பவர் அவருக்குப் பல் மருத்துவராக வாய்த்தார். இளமையில் விடுதலைப் படையில் குழல் ஊதியவர் அவர். நீர்யானையின் தந்தத்தைச் செதுக்கிப் பல்வரிசை அமைத்து, எஞ்சியிருந்த ஒற்றைப் பல் நுழையுமாறு அதில் ஒரு துளையும் விட்டார். வாஷிங்டன் மரப்பல் கட்டியிருந்தார் என்று உலகம் நெடுங்காலம் நம்பியது, அது கட்டுக்கதை. தந்தம், ஈயம், பித்தளை, மனிதப் பல், மாட்டுப் பல் ஆகியவற்றாலேயே அவருடைய பல்வரிசைகள் அமைந்தன. மேல்வரிசையையும் கீழ்வரிசையையும் எஃகுச் சுருள்வில் உந்தி நின்றமையால், வாயை மூடவே தாடையை இறுக்கவேண்டியிருந்தது. டாலர்த் தாளில் அச்சிடப்பெற்றுள்ள அவர் முகத்தின் இறுகிய உதடுகளைக் காண்போர்க்கு இது விளங்கும்.

மருத்துவரிடம் குறையை ஒளிப்பவர் நலம் பெறுதல் அரிது. வாஷிங்டன் ஒளிக்கவில்லை. 1798ஆம் ஆண்டு இறுதியில், பல்வரிசை உதட்டை வெளியே தள்ளுகிறது, இனியும் தள்ளாதவாறு திருத்தவேண்டும் எனத் தெளிவுபட எழுதி, அதனையே கிரீன்வுட்டுக்கு அனுப்பிவைத்தார். கிரீன்வுட்டும் முகத்துக்கு அஞ்சி மழுப்பவில்லை. பல்வரிசை மிகக் கறுத்துவிட்டது, அதற்குப் போர்ட் என்னும் மதுவே காரணம் என்று நாட்டின் பெருந்தலைவருக்கே எழுதினார். உணவுக்குப் பின் கழற்றித் தூய நீரில் இடுமாறும், சுண்ணக்கட்டியின் நுண்பொடி தொட்டுத் தூரிகையால் தேய்க்குமாறும் முறை கூறினார்.

அடுத்த ஆண்டு டிசம்பர் 14ஆம் நாள், தொண்டையில் கண்ட கடுநோயால் வாஷிங்டன் மறைந்தார். அவருடைய கடைசிப் பல் 1796இலேயே விழுந்துவிட்டது. கிரீன்வுட் அதனைக் கேட்டுப் பெற்று, சிறு பொற்கூட்டில் இட்டுத் தம் கடிகாரச் சங்கிலியில் கோத்து வைத்துக்கொண்டார்.