முப்புரி கண்ட விஞ்ஞானி ஜி. என். இராமச்சந்திரன்

ஸ்ரீவில்லிபுத்தூர் ஆடிப்பூரத் தேரோட்டத்தில் ஆயிரக்கணக்கானோர் வடம் பிடித்து இழுப்பதை நம்மில் பலர் கண்டிருக்கிறோம். தேர் நகர இரண்டு வேண்டும். இழுக்கும் கைகள் ஒன்று. அந்த இழுப்பை அறுந்துபோகாமல் தேருக்குக் கொண்டு சேர்க்கும் வடம் மற்றொன்று. நம் உடலிலும் இவ்விரண்டும் உண்டு. தசைக்குள் ஆக்டின், மையோசின் என்னும் இரு புரதங்கள் மெல்லிய இழைகளாக அடுக்கி வைக்கப்பட்டுள்ளன. மையோசின் ஆக்டினைப் பற்றி இழுக்க, இழைகள் ஒன்றன்மேல் ஒன்று நழுவ, தசை சுருங்குகிறது. அந்த இழுப்பை எலும்புக்குக் கொண்டு செல்வது தசைநாண். அதன் முக்கியப் பொருள் கொலாஜன் என்ற புரதம். இந்த வடம் எவ்வாறு திரிக்கப்பட்டிருக்கிறது என்பதைச் சென்னையில் இருந்துகொண்டே கண்டு சொன்னவர் டாக்டர் ஜி. என். இராமச்சந்திரன். அப்பெரியாரின் வாழ்க்கையை இங்கே சுருக்கமாகக் காண்போம்.

அவர் 1922-ஆம் ஆண்டு அக்டோபர் 8-ஆம் நாள் எர்ணாகுளத்தில் பிறந்தார். பெயரின் முதலெழுத்துக் குறிக்கும் கோபாலசமுத்திரம், நமக்கு அண்மையிலுள்ள திருநெல்வேலிச் சீமையைச் சேர்ந்தது. தந்தையார் நாராயண ஐயர் கல்லூரியில் கணிதம் கற்பித்தவர். கணித ஆர்வம் மகனுக்கு வீட்டிலேயே வந்தது எனலாம். திருச்சி புனித சூசையப்பர் கல்லூரியில் இயற்பியல் பயின்று, 1942-இல் பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தில் சேர்ந்தார். முதலில் எடுத்துக்கொண்டது மின் பொறியியல். ஆனால் அவருடைய உள்ளம் இயற்பியலிலேயே இருந்தது. அங்கிருந்த சர் சி. வி. இராமன் அவரைத் தம் மாணவராக்கிக்கொண்டார். பின்னர் கேம்பிரிட்ஜ் சென்று, 1949-இல் டாக்டர் பட்டம் பெற்றுத் தாயகம் திரும்பினார்.

1952-இல், ஏறக்குறைய முப்பது வயதில், சென்னைப் பல்கலைக்கழகத்தின் இயற்பியல் துறைத் தலைவரானார். கிண்டியில் புதிய ஆய்வகம் அமைக்கும் பொறுப்பு அவருடையதாயிற்று. அங்கு வந்த ஆங்கில விஞ்ஞானி பெர்னால் என்பவர் மூலம், கொலாஜனின் அமைப்பு இன்னும் விளங்காத புதிராக இருப்பதை அறிந்தார். தோலிலும் எலும்பிலும் நிறைந்திருப்பது கொலாஜன் அன்றோ! அருகிலேயே மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையம் இருந்தது வசதியாயிற்று. கங்காருவின் வாலிலுள்ள தசைநாணும் ஆய்வுக்கு உதவியது. அவரும் கோபிநாத் கர்த்தாவும் எக்ஸ் கதிர்ப் படங்களை ஆராய்ந்து, கொலாஜன் மூன்று இழைகளால் ஆனது என்று 1954-இல் வெளியிட்டார்கள். தசைக்குள் இழைகள் நழுவும் விதம் வெளியானதும் அதே ஆண்டில், அதே 'நேச்சர்' இதழில்தான்!

இராஜபாளையத்து நூற்பாலைகளை அறிந்த நமக்கு அந்த அமைப்பு எளிதில் விளங்கும். நூல்களைச் சேர்த்துத் திரிக்கும்போது, தனி நூலின் முறுக்குக்கு எதிர்த்திசையில் முறுக்கினால் அவை பிரிவதில்லை. கொலாஜனிலும் ஒவ்வோர் இழையும் இடப்புறமாக முறுக்கியிருக்க, மூன்றும் சேர்ந்து வலப்புறமாக முறுக்கிக்கொள்கின்றன. இந்த முறுக்கை 1955-இல் அவர்கள் விளக்கினார்கள்.

ஆனால் பாராட்டோடு கண்டனமும் வந்தது. பிரான்சிஸ் கிரிக், அலெக்சாண்டர் ரிச் ஆகிய இருவரும், இந்த மாதிரியில் சில அணுக்கள் அளவுக்கு மீறி நெருங்கி நிற்கின்றன என்று குறை கூறினர். கிரிக் உலகப் புகழ் பெற்றவர். இராமச்சந்திரனோ புதிய ஆய்வகம் ஒன்றின் இளம் பேராசிரியர். மனம் தளர்ந்திருக்கலாம், வீண் வாதத்தில் காலத்தைக் கழித்திருக்கலாம். அவர் இரண்டையும் செய்யவில்லை. அணுக்கள் உண்மையிலேயே எவ்வளவு நெருங்க முடியும் என்ற கேள்வியை எடுத்துக்கொண்டார். அதுவரை அளக்கப்பட்டிருந்த படிகங்களின் விவரங்களையெல்லாம் திரட்டினார். சசிசேகரன், இராமகிருஷ்ணன் ஆகிய மாணவர்களுடன் பொறுமையாகக் கணக்கிட்டார்.

புரதம் என்பது அமினோ அமிலங்கள் கோத்த சங்கிலி. ஒவ்வொரு கண்ணியும் இரண்டு இடங்களில் திரும்பக்கூடும். அந்த இரு கோணங்களையும் ஒரு கட்டத்தாளில் குறித்தபோது, தாளின் பெரும்பகுதி வெறுமையாக நின்றது. அக்கோணங்களில் அணுக்கள் ஒன்றோடொன்று மோதிவிடும். சில திட்டுக்களே இயற்கைக்கு இசைந்தவை. 1963-இல் வெளியான இவ்வரைபடம் 'இராமச்சந்திரன் வரைபடம்' என்றே உலகெங்கும் வழங்குகிறது.

கொலாஜனில் மூன்று இழைகள் என்ற அவருடைய முடிவு நிலைத்தது. இழைகளைப் பிணைக்கும் பிணைப்புகளின் எண்ணிக்கையில் மட்டும் கிரிக், ரிச் ஆகியோரின் கருத்தே ஏற்கப்பட்டது. ஆனால் அந்தக் கண்டனத்துக்கு விடை தேடியபோது கிடைத்த வரைபடமோ எல்லாப் புரதங்களுக்கும் பொதுவாயிற்று. ஆக்டினையே எடுத்துக்கொள்வோம். அது தசைக்கு மட்டும் உரியதன்று. ஏறக்குறைய நம் எல்லா உயிரணுக்களிலும் சாரம் கட்டினாற்போல் நின்று உருவம் தருவது. ஓர் உயிரணு இரண்டாகப் பிரியவும் உதவுவது. 375 அமினோ அமிலங்கள் கோத்த அதன் முழு அமைப்பு 1990-இல் வெளியாயிற்று. இன்று எந்தப் புரதத்தின் அமைப்பைக் கண்டறிந்தாலும், அது சரிதானா என்று சோதிக்க விஞ்ஞானிகள் இராமச்சந்திரன் வரைபடத்தை நாடுகிறார்கள்.

1971-இல் பெங்களூர் திரும்பி, மூலக்கூறு உயிர்இயற்பியல் துறையை அவர் வளர்த்தார். அதே ஆண்டில், லட்சுமிநாராயணனுடன் சேர்ந்து, சி.டி. ஸ்கேன் படங்களை உருவாக்கப் பயன்படும் கணித முறையொன்றையும் தந்தார். 1977-இல் லண்டன் ராயல் சொஸைட்டியின் உறுப்பினரானார். நோபல் பரிசு அவருக்குக் கிட்டவில்லை. முதுமையில் நடுக்குவாத நோய் அவரை வாட்டியது. 1998-இல் துணைவியார் ராஜலட்சுமி அம்மையாரை இழந்தார். 2001 ஏப்ரல் 7-ஆம் நாள் சென்னையில் காலமானார்.

நம் விடைத்தாளில் சிவப்பு மையைக் கண்டால் நமக்கு முதலில் வருவது கோபம் அல்லது கண்ணீர். சிவப்பு மை ஒரு கேள்வியும் ஆகும். அதற்கு எட்டு ஆண்டுகள் பொறுமையாக விடை தேடிய ஒருவர், தம்மைக் குறை கூறியவர்களுக்கும் பயன்படும் விடையைத் தந்து சென்றார். நாமும் அக்கேள்வியைக் கேட்கப் பழகுவோமாக.