அடைக்கலம் தந்த அம்மையார்

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார் 1886ஆம் ஆண்டு புதுக்கோட்டையில் பிறந்தார். 1912ஆம் ஆண்டு சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்றார். சிறுமியரைக் கோயிலுக்குப் பொட்டுக் கட்டிவிடும் வழக்கம் அந்நாளில் இருந்தது. அம்மையாரின் அன்னை சந்திரம்மாள் தேவதாசி மரபினர். ஆகையால் அவ்வழக்கத்தின் கொடுமையை அம்மையார் நூல் வாயிலாகக் கற்க வேண்டியிருக்கவில்லை.

1927ஆம் ஆண்டு அவர் சென்னைச் சட்டசபையில் அமர்ந்தார். அதன் துணைத் தலைவராகவும் தேர்ந்தெடுக்கப்பெற்றார். பொட்டுக் கட்டுதலை ஒழிக்க வேண்டும் என வாதாடினார். பழைய மரபு என்று கூறிப் பலர் எதிர்த்தனர். அம்மையாரோ மற்றொன்றையும் கண்டார். அப்பெண்கள் கோயிற் பணிக்கென விடப்பட்ட மானிய நிலத்தால் வாழ்ந்தனர்; பணியை விட்டால் நிலமும் போய்விடும். வயிற்றுக்கு வழியின்றி யார்தாம் விடுதலை பெற முடியும்? எனவே, பணியை விட்டாலும் நிலம் அவர்களுக்கே உரியதாகும்படி 1929ஆம் ஆண்டு சட்டம் திருத்தப்பெற்றது. அவர் செய்தவற்றுள் இது அதிகம் பேசப்படாதது. ஆயினும் மிக நுட்பமானது.

பின்னர், அவ்வாழ்வை வெறுத்து வெளியேறிய இளம்பெண்கள் சிலர் அவர் வீட்டுக் கதவைத் தட்டினர். பிறப்பைக் காரணங்காட்டி விடுதிகள் அவர்களை ஏற்க மறுத்திருந்தன. அம்மையார் அவர்களைத் தம் இல்லத்திலேயே வைத்துக் காத்தார். 1930ஆம் ஆண்டு ஒளவை இல்லம் இவ்வாறே பிறந்தது. அடைக்கலம் புகுந்தோர் அங்கே கல்வியும் தொழிலும் கற்றனர்.

பொட்டுக் கட்டுதலைக் குற்றமாக்கிய சட்டம் 1947ஆம் ஆண்டிலேதான் வந்தது. பொட்டுக் கட்டப்பெற்ற பெண் முறைப்படி மணம் புரிந்துகொள்ளும் உரிமையையும் அது உறுதி செய்தது. அம்மையார் 1968ஆம் ஆண்டு மறைந்தார். ஒளவை இல்லம் இன்றும் சென்னை அடையாற்றில் நடைபெற்று வருகிறது.