சொல்லைச் சமன்பாடாக்கிய பாஸ்கரர்

ஒருவரிடம் ஆறு குதிரைகளும் முந்நூறு நாணயங்களும் உள்ளன. மற்றொருவரிடம் பத்துக் குதிரைகள் உள்ளன; ஆனால் அவருக்கு நூறு நாணயம் கடன். குதிரைகள் யாவும் ஒரே விலையின. இருவர் செல்வமும் சமம். ஒரு குதிரையின் விலை யாது? எண்ணூறு ஆண்டுகளுக்கு மேலாகப் பயிலப்பட்டுவரும் இக்கணக்கு, பாஸ்கரரின் 'பீஜகணிதம்' என்னும் நூலில் உள்ளது.

ஏழாம் நூற்றாண்டில் இதே பெயருடைய கணித அறிஞர் ஒருவர் வாழ்ந்தமையால், இவரை இரண்டாம் பாஸ்கரர் என்பர். இவர் கி.பி. 1114 இல் பிறந்தார். தம் ஊர் சஃகிய மலையை அடுத்தது என்று தாமே குறித்துள்ளார். தந்தை மகேசுவரரே இவருக்கு ஆசிரியர். 1150 இல், தம் முப்பத்தாறாம் வயதில், 'சித்தாந்த சிரோமணி'யை இயற்றினார். எண்கணிதம் கூறும் லீலாவதியும் இயற்கணிதம் கூறும் பீஜகணிதமும் அதன் பகுதிகளாகக் கொள்ளப்படுகின்றன. எஞ்சியவை வானியல் பற்றியவை. லீலாவதி என்பது அவர்தம் மகளின் பெயர் என்றும், அவள் திருமணம் தடைப்பட்டதால் அந்நூல் எழுந்தது என்றும் ஒரு கதை வழங்குகிறது. அக்கதை, 1587 இல் பைசி செய்த பாரசீக மொழிபெயர்ப்பின்வழிப் பரவியது. பாஸ்கரர் நூலில் அதற்குச் சான்றில்லை.

குதிரைக் கணக்கிற்கு வருவோம். முன்னோர் வழக்கைப் பின்பற்றி, தெரியாத எண்ணைப் பாஸ்கரர் 'யாவத்தாவத்' என்றார், சுருக்கமாக 'யா'. தெரிந்த எண்ணுக்கு 'ரூ' என்பது குறி; இது இன்றைய ரூபாய் அன்று. யா 6 ரூ 300 என்று ஒரு வரி. அதன்கீழ் யா 10 ரூ 100 என்று மறு வரி. கடனாகிய நூறின் தலையில் ஒரு புள்ளி. அப்புள்ளியே குறை எண்ணின் அடையாளம். சமக்குறி இல்லாக் காலத்தில் இவ்விரு வரிகளே சமன்பாடு. நான்கு குதிரைகளின் விலை நானூறு. எனவே ஒன்றின் விலை நூறு. தெரியாதவை பலவாயின் கருமை, நீலம், மஞ்சள் என நிறப்பெயர்கள் துணைக்கு வரும்.

தெரியாததற்கு ஒரு குறியிட்டு, கணக்கு சொல்வதை எல்லாம் அதன்மேல் செய்து, இரு சம பக்கங்களை அடைய வேண்டும் என்பது அவர் வகுத்த நெறி. ஆயினும், எதற்குக் குறியிடுவது? அங்கே கற்பவரின் மதிநுட்பமே வழிகாட்டும் என்பது அவர் கொள்கை. மாணவர் பெரும்பாலும் தடுமாறும் இடமும் அதுவே.

ஒரு வண்டுக் கூட்டத்தில் பாதியின் வர்க்கமூலம் மல்லிகைக்குச் சென்றது. மொத்தத்தில் ஒன்பதில் எட்டுப் பங்கும் உடன் சென்றது. எஞ்சியவை, இரவில் தாமரைக்குள் சிக்கி முரலும் ஓர் ஆண்வண்டும், வெளியே மறுகுரல் எழுப்பும் அதன் பெடையும். கூட்டத்தையே x எனக் கொண்டால் வர்க்கமூலக்குறி குறுக்கிடும். பாஸ்கரரோ கூட்டத்தை 2y² எனக் கொண்டார். பாதி y², அதன் மூலம் y. சிக்கல் தொடக்கத்திலேயே அவிழ்ந்தது. y + 16y²/9 + 2 = 2y² என்பதிலிருந்து y = 6; வண்டுகள் 72.

சமன்பாடு தந்த விடை அனைத்தையும் அவர் ஏற்றுக்கொண்டார் அல்லர். குரங்குக் கூட்டத்தின் ஐந்திலொரு பங்கில் மூன்றைக் குறைத்து, அதன் வர்க்க அளவினவாய்க் குரங்குகள் குகைக்குள் புகுந்தன. ஒன்று மட்டும் வெளியே நின்றது. விடைகள் 50, 5 என இரண்டு. ஐந்தின் ஐந்திலொரு பங்கு ஒன்றே. அதில் மூன்றைக் குறைத்தால் குறை எண் வரும். குறை எண்ணளவில் குரங்குகளை உலகம் ஏற்காது என்று 5 ஐ விலக்கினார். சொல்லிலிருந்து சமன்பாட்டிற்குச் சென்றவர், விடையுடன் மீண்டும் சொல்லிடமே வந்து சரிபார்த்தார்.

முதுமையிலும் அவர் எழுத்து ஓயவில்லை. 1183 இல் 'கரண குதூகலம்' என்னும் வானியல் நூலை இயற்றினார். அவர் நூல்களைக் கற்பிப்பதற்கென்றே பெயரர் சங்கதேவர் ஒரு மடம் நிறுவினார். மராட்டிய நாட்டுப் பாடண் என்னும் ஊரின் 1207 ஆம் ஆண்டுக் கல்வெட்டு அதனைத் தெரிவிக்கிறது.