வம்சம் கேட்டு வந்த கடிதம்



ஜார்ஜ் வாஷிங்டன் என்று சொன்னால் நம்மில் முக்கால்வாசிப் பேருக்கு ஒரு செர்ரி மரம்தான் ஞாபகம் வரும். மரத்தை வெட்டிவிட்டு, அப்பா கேட்டதும் உண்மையை ஒப்புக்கொண்ட சின்னப் பையன். நானும் பள்ளிக்கூடத்தில் அதைப் படித்துக் கை தட்டியவன்தான். ஆனால் அந்தக் கதையை மேசன் வீம்ஸ் என்பவர், வாஷிங்டன் இறந்த பிறகு, தான் எழுதிய வரலாற்றின் 1806ஆம் ஆண்டுப் பதிப்பில் சேர்த்துவிட்டார். வேறு ஆதாரம் எதுவும் கிடையாது. உண்மை பேசச் சொல்லிக் கொடுக்க ஒரு கட்டுக்கதை. வேடிக்கைதான்!

பள்ளிக்கூடத்தில் சொல்லாமல் விட்ட சங்கதி வேறு. அந்த மனிதர் நம்ம ஆளு. பதினேழு வயதில் சர்வேயர் வேலைக்குப் போனவர். கல்லூரிப் பட்டம் என்று ஒன்றும் அவரிடம் இல்லை.

அவரைப் பற்றி எழுத எனக்குச் சொந்தக் காரணமும் உண்டு. முதலாம் ஆண்டு விடுதியில் பெட்டியை இறக்கி வைத்த அன்றே சீனியர் ஒருவர் கேட்டார். எந்த ஊரு, யார் வீட்டுப் பையன், எந்த ஆளுங்க என்று. ஊரைச் சொன்னேன். அப்பா பெயரைச் சொன்னேன். தாத்தா ஒரு சர்வேயரிடம் சங்கிலி பிடித்தவர் என்றேன். அதற்கு மேல் எனக்குத் தெரியாது. கேட்டவர் சிரித்துவிட்டுப் போய்விட்டார். அந்தச் சிரிப்பு கொஞ்ச நாள் தூக்கத்தைக் கெடுத்தது. அப்புறம்தான் வாஷிங்டனிடமும் இதே கேள்வியை ஒருவர் கேட்டார் என்று படித்தேன்.

ஊர்ப் பெயரே குலப் பெயர்

இங்கிலாந்தின் வடக்கே டர்ஹாம் பகுதியில் வாஷிங்டன் என்று ஓர் ஊர் இருக்கிறது. பன்னிரண்டாம் நூற்றாண்டின் இறுதியில் வில்லியம் டி ஹெர்ட்பர்ன் என்பவர் தன் பழைய நிலத்தைக் கொடுத்து அந்த ஊர்ப் பண்ணையை மாற்றிக்கொண்டார். நிலம் மாறியதும் பெயரும் மாறியது. ஹெர்ட்பர்ன் போய், அந்தக் காலத்து உச்சரிப்பில் வெசிங்டன் வந்தது. அதாவது நிலம்தான் பெயரைக் கொடுத்தது.

அங்கே ஜென்ட்ரி என்று ஒரு வகுப்பு. பிரபு பட்டம் இருக்காது, ஏர் பிடிக்கவும் மாட்டார்கள். சொந்த நிலத்தைக் குத்தகைக்கு விட்டு அதில் வாழ்பவர்கள். நான் கனவான் என்று சொன்னால் மட்டும் போதாது, காட்ட வேண்டும். 1530 முதல் 1688 வரை அரசரின் குலச்சின்ன அதிகாரிகள் மாவட்டம் மாவட்டமாகப் போய், யாருக்குக் குலச்சின்னம் வைத்துக்கொள்ள உரிமை இருக்கிறது, தகப்பன் யார், பாட்டன் யார் என்று விசாரித்து எழுதினார்கள். வாஷிங்டன் குடும்பத்துச் சின்னம் வெள்ளைக் கேடயம், இரண்டு சிவப்புப் பட்டை, மேலே மூன்று சிவப்பு நட்சத்திரம். அமெரிக்கக் கொடி இதிலிருந்து வந்தது என்று சொல்வதற்கு ஆதாரம் இல்லை. ஆனால் தலைநகர் வாஷிங்டனுக்கு 1938இல் ஏற்றுக்கொண்ட கொடி இதே சின்னம்தான்.

கம்பளி வியாபாரி வாங்கிய பண்ணை

டர்ஹாமிலிருந்து ஒரு கிளை லங்காஷயருக்குப் போனது. அந்தக் கிளையில் பிறந்த லாரன்ஸ் வாஷிங்டன் தெற்கே நார்த்தாம்ப்டன் நகரத்துக்கு வந்து கம்பளி வியாபாரம் செய்தார். இரண்டு தடவை நகர மேயர் ஆனார். எட்டாம் ஹென்றி மடங்களைக் கலைத்து அவற்றின் சொத்துக்களை விற்ற காலம் அது. 1539இல் சல்கிரேவ் என்ற ஊரில் மடத்துக்குச் சொந்தமாயிருந்த பண்ணையை லாரன்ஸ் அரசிடமிருந்து விலைக்கு வாங்கி, வீடு கட்டி, வாசல் மேலே குலச்சின்னத்தையும் பதித்தார். கம்பளிக் காசில் கனவான் ஆகிவிட்டார்!

ஆனால் அங்கே சொத்து மூத்த மகனுக்குத்தான். இளைய பிள்ளைகள் வியாபாரம், கடல், தேவாலயம் என்று பிழைப்பைப் பார்த்துக்கொள்ள வேண்டும். சல்கிரேவ் லாரன்ஸின் கொள்ளுப் பேரனும் ஒரு லாரன்ஸ், வீட்டில் ஐந்தாவது மகன். ஆக்ஸ்ஃபோர்டில் படித்து, எசெக்ஸில் பர்லி என்ற ஊரில் பாதிரியார் ஆனார். உள்நாட்டுப் போர் வந்தது. 1643இல் பார்லிமெண்டுக்காரர்கள் அவரை மன்னர் கட்சிக்காரர் என்றும் சாராயக்கடையே கதி என்று கிடப்பவர் என்றும் சொல்லி வேலையைப் பறித்தார்கள். 1653இல் வசதியில்லாமலே இறந்தார்.

தரை தட்டிய கப்பல்

அந்தப் பாதிரியாரின் மகன் ஜான், ஸீ ஹார்ஸ் என்ற வணிகக் கப்பலில் வேலைக்குச் சேர்ந்து அமெரிக்காவின் வர்ஜீனியாவுக்குப் போனார். புகையிலை ஏற்றிக்கொண்டு திரும்பும்போது, 1657இன் தொடக்கத்தில், பொட்டோமாக் ஆற்றில் கப்பல் தரை தட்டியது. ஜான் ஊர் திரும்பவில்லை. அங்கேயே ஆன் போப் என்ற பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்டார். மாமனார் சீதனமாக 700 ஏக்கர் கொடுத்தார். இந்த ஜான்தான் நம்ம ஜார்ஜ் வாஷிங்டனுக்குக் கொள்ளுத் தாத்தா.

ஜார்ஜ் பிறந்தது 1732 பிப்ரவரி 22. அப்பா அகஸ்டினுக்கு அவர் இரண்டாவது மனைவியின் மூத்த மகன். மூத்த தாரத்துப் பிள்ளைகள் இரண்டு பேரும் இங்கிலாந்தில் ஆப்பிள்பி பள்ளியில் படித்தவர்கள். ஜார்ஜுக்கும் அந்த வாய்ப்பு வந்திருக்கும். ஆனால் அவருக்குப் பதினொரு வயதாகும்போது, 1743இல், அப்பா இறந்துவிட்டார். சீமைப் படிப்புக்கு வழியில்லாமல் போனது. அப்பா விட்டுப் போன சாமான்களில் ஒரு செட் சர்வே கருவிகள் இருந்தன.

சங்கிலியோடு காட்டுக்குள்

நண்பர்களே, இந்த இடத்தை நம் டிபார்ட்மெண்ட் ஆட்கள் கவனமாகப் படிக்கணும்.

1748 மார்ச்சில், பதினாறு வயதில், ஜார்ஜ் ஒரு சர்வே கோஷ்டியோடு ஷெனண்டோவா பள்ளத்தாக்குக்குப் போனார். ஃபேர்ஃபாக்ஸ் பிரபுவுக்கு அங்கே 50 லட்சம் ஏக்கருக்கு மேல் நிலம். அதை அளந்து துண்டு போட வேண்டும். ஆரம்பத்தில் ஒரு ராத்திரி வைக்கோல் மேல் போட்ட ஒற்றைப் போர்வையில் படுத்து, பேன் கடி தாங்காமல் எழுந்துவிட்டதைத் தன் டைரியில் எழுதி வைத்திருக்கிறார். சர்வே கேம்ப் போய் வந்த நமக்கு அது நல்லாவே புரியும்!

கருவிகள் நாம் ஆய்வகத்தில் பார்த்தவைதான். முக்காலியில் ஒரு காம்பஸ், எட்மண்ட் குண்டர் வகுத்த 66 அடிச் சங்கிலி, அதில் 100 கண்ணி. பத்துச் சதுரச் சங்கிலி ஓர் ஏக்கர். மரத்தில் வெட்டுப் போட்டு எல்லை குறிப்பார்கள். அடுத்த வருஷம், 1749 ஜூலையில், பதினேழு வயதிலேயே கல்பெப்பர் மாவட்ட சர்வேயர் ஆனார்.

இதில் சிபாரிசு இல்லாமல் இல்லை. மூத்த தாரத்து அண்ணன் லாரன்ஸ் கட்டிக்கொண்டது ஃபேர்ஃபாக்ஸ் வீட்டுப் பெண். அந்தக் கதவு திறக்காவிட்டால் அந்த வயதில் அந்தப் பதவி கிடைத்திருக்காது. இதை மறைத்துவிட்டு உழைப்பால் உயர்ந்த உத்தமர் என்று எழுதினால் நானும் செர்ரி மரக் கதைதான் சொல்கிறேன். ஆனால் கதவைத் திறந்துவிட்டவர்கள் வந்து சங்கிலியை இழுக்கவில்லை. வாழ்நாளில் ஏறக்குறைய 200 சர்வே செய்தார். வேலை செய்து சேர்த்த காசில் 1750இல் சுமார் 1,450 ஏக்கர் வாங்கினார். 1799 நவம்பரில், சாவதற்குச் சில வாரம் முன்னால்கூடத் தன் நிலம் ஒன்றைத் தானே போய் அளந்தார்.

இன்னொரு விஷயம் என்னை நிறுத்தி வைத்தது. அந்தக் கால வர்ஜீனியா சர்வே தாள்களில் சர்வேயர் கையெழுத்தோடு சங்கிலி பிடித்தவர்கள் பெயரையும் எழுதினார்கள். வாஷிங்டன் வரைந்த படங்களிலும் அந்தப் பெயர்கள் இருக்கின்றன. என் தாத்தா பிடித்த சங்கிலியில் எத்தனையோ காடு கழனி அளக்கப்பட்டிருக்கும். நான் பார்த்த எந்தப் படத்திலும் அவர் பெயர் இல்லை.

லண்டனிலிருந்து ஒரு கடிதம்

பிறகு நடந்தது உலகத்துக்கே தெரியும். 1775இல் தலைமைத் தளபதி. 1781இல் யார்க்டவுன் வெற்றி. 1783இல் பதவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போனார். 1789இல் முதல் ஜனாதிபதி.

1791 டிசம்பரில் லண்டன் குலச்சின்ன அலுவலகத்தின் தலைமை அதிகாரி சர் ஐசக் ஹேர்ட் அவருக்குக் கடிதம் எழுதினார். உங்கள் வம்சாவளியைத் தேடிக்கொண்டிருக்கிறேன், தெரிந்ததை எழுதுங்கள் என்று கேட்டு. தோற்றுப்போன நாட்டிலிருந்து, ஜெயித்தவரிடம் வந்து கேட்ட கேள்வி, நீங்க யார் வீட்டுப் பிள்ளை என்பதுதான்!

1792 மே மாதம் பதில் போனது. இந்த விஷயத்தில் தான் அதிகம் கவனம் செலுத்தியதில்லை, சின்ன வயதிலிருந்தே வேலைகள் சூழ்ந்துவிட்டன என்று ஒப்புக்கொண்டார். 1657 வாக்கில் முன்னோர் வட இங்கிலாந்திலிருந்து வந்ததாகக் கேள்வி என்று, தெரிந்த பெயர்களை மட்டும் எழுதி அனுப்பினார். கொள்ளுத் தாத்தாவுக்கு மேல் அவருக்கும் தெரியவில்லை. அதைச் சொல்ல அவர் வெட்கப்படவும் இல்லை.

இதற்காக அவர் வம்சப் பெருமையே இல்லாத துறவி என்று நினைக்க வேண்டாம். கோச்சு வண்டியிலும் புத்தகங்களிலும் அந்த நட்சத்திரச் சின்னத்தைப் போட்டுக்கொண்டவர்தான். ஆனால் பொது விஷயம் என்று வந்தபோது வேறு மாதிரி நின்றார். போரில் இருந்த அதிகாரிகள் 1783இல் சின்சின்னாட்டி சங்கம் என்று ஒன்று தொடங்கி, மூத்த மகனுக்கு வாரிசாக உறுப்பினர் பதவி என்று விதி போட்டார்கள். தலைவராக இருந்த வாஷிங்டன் 1784இல் அந்த வாரிசு விதியை நீக்கச் சொன்னார். 1787இல் எழுதப்பட்ட அரசியல் சட்டம் பிரபுப் பட்டம் கொடுப்பதையே தடை செய்தது. அந்தக் கூட்டத்துக்குத் தலைமை வகித்தவரும் அவர்தான்.

தப்பும் திருத்தமும்

ஹேர்ட் விடவில்லை. குடும்பத்தில் ஜான், லாரன்ஸ் என்று ஓர் அண்ணன் தம்பி ஜோடியைக் கண்டுபிடித்து, அமெரிக்கா போனவர்கள் இவர்கள்தான் என்று யூகித்தார். அந்த யூகம் புத்தகங்களில் ஏறி எழுபது வருஷத்துக்கு மேல் உண்மையாக உலாவியது. 1866இல் ஜோசப் லெமுவல் செஸ்டர் என்ற அமெரிக்கர் அதை உடைத்தார். அந்த ஜான் பட்டம் பெற்ற சர். அந்த லாரன்ஸோ பாதிரியார். இரண்டு பேரும் இங்கிலாந்தை விட்டுப் போகவே இல்லை.

பிறகு ஹென்றி வாட்டர்ஸ் பழைய உயில்களையும் தேவாலயப் பதிவேடுகளையும் புரட்டி 1889இல் விடையை வெளியிட்டார். அந்தப் பாதிரியார் லாரன்ஸின் பிள்ளைகள்தான் அமெரிக்கா போன ஜானும் லாரன்ஸும்! ஹேர்ட் அப்பாவையும் பெரியப்பாவையும் பிடித்துப் பிள்ளைகள் இடத்தில் உட்கார வைத்துவிட்டார். தலைமுறைக்குத் தலைமுறை லாரன்ஸ் என்றே பெயர் வைத்தால் யாருக்குத்தான் குழம்பாது? நம் பாஷையில் சொன்னால், பேக் பேரிங் சரி பார்க்காமல் டிராவர்ஸை மூடினால் இப்படித்தான் ஆகும்.

பெயர் எழுதாதவர்கள்

இந்த வம்சாவளியைத் தேட முடிந்ததற்குக் காரணம் என்ன? நிலம் இருந்தது, அதனால் உயில் இருந்தது, அதனால் பெயர் இருந்தது. நிலம் இல்லாதவனுக்கும் பூட்டன் பாட்டன் உண்டு. எழுதி வைக்கத்தான் ஆள் இல்லை.

இதற்கு வாஷிங்டன் வீட்டிலேயே சாட்சி இருக்கிறது. அப்பா இறந்தபோது பதினொரு வயதுப் பையனுக்கு வாரிசாக வந்த சொத்தில் பத்து அடிமை மனிதர்களும் உண்டு. 1799இல் மவுண்ட் வெர்னன் பண்ணையில் 317 அடிமைகள் இருந்தார்கள். அந்த வருஷம் வாஷிங்டன் தன் உயிலை எழுதும்போது அவர்களுக்கு ஒரு பட்டியல் போட்டார். பெயர், வேலை, வயது, யார் மனைவி, யார் பிள்ளை என்று. அதில் அவருக்கே உரியவர்கள் 123 பேர். மனைவி மார்த்தாவின் காலத்துக்குப் பிறகு அவர்களை விடுதலை செய்யச் சொன்னார். மார்த்தா 1801 ஜனவரி 1ஆம் தேதியே விடுவித்துவிட்டார். மார்த்தாவின் முதல் கணவர் வழிச் சொத்தாக வந்தவர்களுக்கு அந்த விடுதலை இல்லை. சுதந்திரத்துக்காகப் போராடியவரின் கணக்கில் இந்தப் பாக்கி இருக்கத்தான் செய்கிறது. அங்கே அடிமைகளாக இருந்தவர்களின் வம்சத்தார் முன்னோரைத் தேடும்போது முதலில் புரட்டுவது அந்தச் சொத்துப் பட்டியலைத்தான்.

1799 டிசம்பர் 14 அன்று வாஷிங்டன் இறந்தார். சொந்தப் பிள்ளை கிடையாது. அறுநூறு வருஷ வம்சக் கொடியில் அவர் கிளை அவரோடு நின்றது. ஆனால் பெயர் நிற்கவில்லை. அது எந்த நகரத்துக்கு ஆயிற்று என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

விடுதியில் என்னைக் கேட்ட சீனியர் மேல் இப்போது எனக்குக் கோபம் இல்லை. தாத்தாவுக்கு மேல் தெரியாது என்று சொல்வதில் கூச்சமும் இல்லை. கொள்ளுத் தாத்தாவுக்கு மேல் தெரியாத ஒருவர் ஒரு நாட்டையே நடத்தியிருக்கிறார்!

ஜூனியர் தம்பி, தங்கைகளுக்கு ஒரு வேண்டுகோள். புதிதாக வரும் பிள்ளையிடம் யார் வீட்டுப் பிள்ளை என்று கேட்காதீர்கள். எந்த பிராஞ்ச், என்ன வரும் என்று கேளுங்கள். ஃபீல்டு புக் எழுதும்போது முதல் பக்கத்தில் தேதி, கருவி, இடம் எழுதுகிறீர்கள் இல்லையா? அதற்குக் கீழே சங்கிலி பிடித்தவர் பெயரையும் எழுதுங்கள்.

நான் எழுத ஆரம்பித்துவிட்டேன்.